விற்பவர்களே, உஷார்!



சென்னைக்காரர்களுக்கு மூர் மார்க்கெட் நினைவிருக்கும். 1985-இல் தீக்கிரையான அந்தச் சந்தையில் பழைய புத்தகம் முதல் பழைய ரேடியோ வரை கிடைக்கும். ஏமாற்றும் கிடைக்கும், அதை மறைப்பானேன்! ஆனால் அங்கே ஏமாந்து திரும்பியவர் வாங்கப் போனவர்தான். கடைக்காரர் ஏமாந்தார் என்று யாரும் கேள்விப்பட்டதில்லை. இன்று சந்தை கைப்பேசிக்குள் வந்துவிட்டது, கதையும் தலைகீழாகிவிட்டது. சோபா விற்கப் போனவர் காசை இழக்கிறார். சோபா வீட்டிலேயே கிடக்கிறது.

எப்படி? பழைய சோபா எட்டாயிரம் என்று விளம்பரம் போடுகிறீர்கள். சற்று நேரத்தில் போன் வருகிறது. "சார், நான் ராணுவத்தில் இருக்கிறேன், உங்கள் ஊருக்கு மாற்றலாகி வருகிறேன்." கேட்காமலேயே அடையாள அட்டையைப் படம் பிடித்து அனுப்புவார். பொருளைப் பார்க்க வரமாட்டார். பேரமும் பேசமாட்டார். தாய்மார்களே, காதைத் தீட்டிக்கொள்ள வேண்டிய இடம் இதுதான். கத்தரிக்காய்க்கே பேரம் பேசுகிற ஊரில், பழைய சோபாவுக்குச் சொன்ன விலையைத் தருகிற மகராசன் எங்கிருந்து வந்தான்?

அடுத்து ஒரு க்யூஆர் கோடு வரும். "ஸ்கேன் பண்ணி பின் நம்பரைப் போடுங்க, பணம் வந்துடும்." முதலில் ஐந்தோ பத்தோ அவரே உண்மையிலேயே அனுப்பிவைப்பார். அது தூண்டில் புழு. அடுத்த ஸ்கேனில் உங்கள் எட்டாயிரம் போய்விடும். "ஐயோ, தப்பாயிடுச்சு சார், திருப்பி அனுப்புறேன்" என்று இன்னொரு கோடு. அதில் இன்னொரு எட்டாயிரம்!

யுபிஐ பின் பணம் அனுப்புவதற்கும், கணக்கில் இருப்பைப் பார்ப்பதற்கும்தான். நம் கணக்குக்குப் பணம் வர ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம். பணம் கேட்டு ஒருவருக்கொருவர் அனுப்பும் கோரிக்கை வழியாகவும் இதே மோசடி நடந்தது. தனிநபர்களுக்கிடையே அந்த வசதியை 2025 அக்டோபரோடு நிறுத்தும்படி ஆயிற்று. க்யூஆர் கோடு அப்படியே இருக்கிறது.

பணம் போனால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐக் கூப்பிடுங்கள். அந்தப் பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிக்கொண்டிருக்கும்போதே சொன்னால் முடக்க வாய்ப்பு உண்டு. நம்மில் படித்தவர்கள்தான் வெளியே சொல்ல வெட்கப்பட்டு, ஒரு ராத்திரியைத் திருடனுக்குத் தானமாகக் கொடுக்கிறோம்.

வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை: பழைய போன் வாங்கும்போது, அது திருட்டுப் போனா என்று அதன் ஐஎம்இஐ எண்ணை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்த்துவிட்டுக் காசை எடுங்கள்.

வண்டி விற்பவர்களிடம் இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். சாவியைக் கொடுத்தோம், காசு வந்தது, கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஆர்.சி.யில் பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், பதிவில் உள்ள உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. உங்களிடமிருந்து நாலு கை மாறிப் போயிருந்தாலும் அப்படித்தான். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்தாகி, ஆர்.டி.ஓ. அலுவலகப் பதிவில் பெயர் மாறும்வரை அந்த வண்டி உங்களுடையது.

அப்படி விற்றுவிட்டுச் சும்மா இருப்பவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். கூட்டம் முடிந்ததும் மேடைப் பக்கம் வாருங்கள். இரண்டு படிவங்களும் என் பையில் இருக்கின்றன.