சர்மா வீட்டுப் பெண்ணும் ‘அப்பா’ என்ற சொல்லும்

தமிழ் அங்கத்தில் ஆங்கில நடிகையைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். நான் பேச வந்தது நம் வீட்டுப் பெண் ஒருவரைப் பற்றித்தான்.

சிமோன் ஆஷ்லி. இயற்பெயர் சிமோன் அஸ்வினி பிள்ளை. 1995இல் இங்கிலாந்தின் சர்ரே வட்டாரத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். பிள்ளையை ஏன் விட்டார் என்று முகம் சுளிக்காதீர்கள். அந்தக் காலத் தோட்டங்களில் கிராணிமார் தங்கள் காதில் விழுந்தபடிதானே நம் தாத்தா பாட்டியின் பெயர்களை எழுதி வைத்தார்கள்? இவர் தம் பெயரைத் தாமே தேர்ந்துகொண்டார், அவ்வளவுதான்.

‘பிராட்சர்ச்’, ‘வுல்ஃப்பிளட்’ போன்ற தொடர்களில் சிறு வேடங்கள். 2019இல் ‘செக்ஸ் எஜுகேஷன்’ தொடரில் ஒலிவியா என்ற மாணவி. பெயரைக் கேட்டதும் பெரியவர்கள் அலைவரிசையை மாற்றிவிடுவார்கள். ஆனாலும் அவரைப் பலருக்கும் அடையாளம் காட்டியது அதுதான்.

2022 மார்ச்சில் ‘பிரிட்ஜர்டன்’ தொடரின் இரண்டாம் பருவம் வந்தது. ஜூலியா குவின் எழுதிய நாவலில் கதாநாயகி கேட் ஷெஃபீல்ட் என்ற ஆங்கிலப் பெண். திரையில் அவரே இந்தியாவிலிருந்து வந்த கேட் சர்மா ஆனார். முதல் 28 நாள்களில் உலக மக்கள் 65 கோடி மணி நேரத்துக்கும் மேல் அதைப் பார்த்தார்கள்.

எங்கள் புக்கிட் ரம்பாய் பக்கம் பெண் பார்க்கும் பேச்சு எடுத்தால் முதலில் வரும் கேள்வி, “பொண்ணு செவப்பா?” என்பதுதான். வெயிலில் நிற்காதே, கறுத்துப் போவாய் என்ற அதட்டல் கேட்காத பெண் பிள்ளை நம்மிடையே உண்டா? குஷ்பு, சிம்ரன், தமன்னா, ஹன்சிகா என்று மும்பையிலிருந்து வந்த சிவந்த நாயகியரைக் கொண்டாடியது நம் தமிழ்த் திரை. கறுத்த தமிழ்ப் பெண்ணை, கறுப்பு என்ற பேச்சே எடுக்காமல், ஒரு பிரபு காதலித்து உருகுவதைக் காட்ட வெள்ளைக்காரன் நாட்டுத் தொடர் வேண்டியிருந்தது. எனக்கு இது மகிழ்ச்சியாகவும் இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது.

தங்கை எட்வினாவாக நடித்த சரித்ரா சந்திரனும் தமிழ்ப் பெண்ணே. அக்கா தங்கைக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறாள். மணமகளுக்கு மஞ்சள் பூசும் காட்சியும் உண்டு. நம் நலங்குதான், அவர்கள் ஹல்தி என்கிறார்கள்.

ஆனால் ஒரு குறை. குடும்பப் பெயர் வடநாட்டுச் சர்மா. அக்காளை அழைப்பது ‘தீதி’ என்று இந்தியில். தங்கையை அழைப்பது ‘போன்’ என்று வங்காளத்தில். தகப்பனை மட்டும் ‘அப்பா’ என்கிறாள். இப்படி ஒரு வீடு இந்தியாவில் எங்கே இருக்கிறது? இரண்டு தமிழ் நடிகையரை வைத்துக்கொண்டு ஒரு தமிழ்க் குடும்பத்தைக் காட்டியிருக்கலாமே! இருந்தும், அந்த ‘அப்பா’ காதில் விழுந்த நேரத்தில் நிமிர்ந்து உட்காராத தமிழர் குறைவு.

அதன் பிறகு 2023இல் ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ படத்தில் கடலரசனின் மகள்களில் ஒருவரானார். 2025இல் ‘பிக்சர் திஸ்’ படத்தின் நாயகி. அதே ஆண்டு பிராட் பிட்டின் ‘எஃப் 1’ படத்திலும் நடித்தார். வெளியானபோது அவருடைய பகுதி பெரும்பாலும் வெட்டப்பட்டிருந்தது. உச்சிக்குப் போனவருக்கும் கத்தரி உண்டு.

‘பிரிட்ஜர்டன்’ அந்தப் பருவம் எட்டே பாகம்தான். உட்கார்ந்து பாருங்கள். சில காட்சிகளில் மட்டும் பிள்ளைகளைத் தண்ணீர் எடுத்து வர அனுப்பிவிடுங்கள்.