காணா நோயும் கருணைக் கண்ணும்



காலிற் கட்டோடு வருவாரைக் கண்டால் உலகம் இரங்கி வழிவிடுகின்றது. புறத்தே வடுவின்றி உள்ளே வருத்தும் நோயுடையார்க்கு அவ்விரக்கம் எளிதிற் கிட்டுவதில்லை. ஒற்றைத் தலைவலி, முடக்குவாதத்தின் தொடக்க வலி, நாள்தோறும் இன்சுலின் வேண்டும் நீரிழிவு முதலியன பல்லாண்டுகள் உடனுறையும் பிணிகள். இவற்றைத் தாங்குவாரை நோக்கி, "முகம் தெளிவாகத்தானே இருக்கிறது, உனக்கென்ன நோய்?" என்று கேட்பாருளர். அவ்வினா சில வேளைகளில் நோயினும் கொடிதாகின்றது.

காணா நோயின் கொடுமையைத் தமிழுலகம் மறவாதபடி பாடிவைத்தவர் திருநாவுக்கரசு சுவாமிகள். ஏழாம் நூற்றாண்டினராகிய அப்பெருமான் திருவாமூரில் மருணீக்கியாராகத் தோன்றி, பெற்றோரை இழந்தபின் தமக்கையார் திலகவதியாரின் அரவணைப்பில் வளர்ந்தார். பின்னர்ச் சமண சமயஞ் சார்ந்து தருமசேனர் என்னும் தலைமைப் பெயரும் பெற்றார். அந்நாளில் சூலை நோய் அவர் வயிற்றைப் பற்றியது. உடனிருந்தோர் தாம் அறிந்த முறைகளையெல்லாம் செய்தும் வலி தணியவில்லை எனச் சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் விரித்துரைக்கின்றார்.

புலமையும் தலைமையும் உடையார் தம் துன்பத்தைப் பிறரிடம் சொல்லுதல் எளிதன்று. அவர் சொன்னார். சமையலாளைத் தமக்கையாரிடம் அனுப்பினார். அவர் அங்கு வர இசையாமையால், இரவிலே தாமே திருவதிகை சென்று அவர் அடிகளில் வீழ்ந்தார். அம்மையார் தம்பியை எழுப்பி, ஐந்தெழுத்தோதித் திருநீறு அளித்தார். விடியற்காலைத் திருப்பணிக்குரிய அலகும் மெழுகும் தோண்டியும் எடுத்துக்கொண்டு, அவரையும் வீரட்டானத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார்.

சூலை தீர்ந்தது சந்நிதியில், பதிகம் பாடிய பின்னரே. ஆயினும் தமக்கையார் கை தொட்டபொழுதே தனிமை தீர்ந்துவிட்டது. அப்பதிகமும் வலியை மறைத்துப் பாடியதன்று; குடர் படும் வேதனையை உள்ளவாறே இறைவன்பால் முறையிடுவது. வலியை உள்ளபடி உரைத்து, உரைத்த பின்னும் நம்பிக்கையை நழுவவிடாமையே மனத்திண்மை என்பது இதனால் விளங்கும்.

"அப்பருக்குத் தீர்ந்த நோய் எனக்குத் தீரவில்லையே, என் பக்தி குறைவோ?" என்று ஏங்குவாரும் உளர். அங்ஙனம் ஏங்க வேண்டா. பக்தியை நோயால் அளத்தல் முறையன்று. 1922இல் முதன்முதலாக மனிதர்க்குச் செலுத்தப்பெற்ற இன்சுலின் நீரிழிவை வேரோடு அகற்றவில்லை. எனினும் விரைவில் மடியவிருந்த குழந்தைகளைப் பல்லாண்டு வாழவைத்தது. தீராத நோயோடும் நிறைவாழ்வு உண்டென்பதற்கு இதுவே சான்று. ஆதலின் மருத்துவர் தந்த மருந்தைத் திருவருளின் கொடையென்றே கொண்டு தவறாது உண்ணுக. இயன்ற நாளில் ஒரு மாலை தொடுக்கலாம். இயலாத நாளில் படுத்தபடியே திருநாமத்தை நினைக்கலாம். இறைவன் திருமுன் இரண்டும் ஒரே நிறையன.

இனி, நலமுடையார்க்கும் கடமை உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கின்றது. குருதி உறையாமை, தலசீமியா போன்று பார்த்த அளவில் புலப்படாத நோய்களும் அவற்றுள் அடங்கும். சட்டம் கண்டதை அடியார் கண் காணாதிருக்கலாமோ? குடமுழுக்குக் கூட்டத்தில் இளைஞன் ஒருவன் வரிசையை விட்டுத் தூணடியில் அமர்ந்தால், "இவ்வயதில் என்ன களைப்பு?" என்று கடியாதிருப்பதும் ஒரு திருத்தொண்டு. கோபுரத்திற்குப் பொருள் வழங்கும் அன்பர்கள் வரிசையிடையே சில இருக்கைகளும் குடிநீரும் அமைப்பராயின், அதுவும் கோபுரத் திருப்பணியோடு ஒக்கும்.

நோயுற்று வந்த தம்பியிடம் திலகவதியார் சான்று கேட்டாரல்லர், கைகொடுத்து எழுப்பினார். அவ்வன்புக் கை இத்திருக்கோயிலை நாடி வரும் ஒவ்வொருவர்பாலும் நீளுமாறு அதிகைப் பெருமான் அருள் புரிவாராக!