எரியக் கூடாத இடத்தில் எரிந்த பல்பு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது டெக்னிக்கலா பேசுப்பா, ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்று செயலாளர் அண்ணன் போனில் சொன்னார். எனக்கு உடனே ஞாபகம் வந்தது எங்கள் வீட்டு ஆம்னி வேன்தான். சிறிய வேன் ஒன்றை நாமே பார்த்துக்கொள்வது எப்படி, பழுதை நாமே கண்டுபிடிப்பது எப்படி என்பதைத்தான் பேசப் போகிறேன். அதில் நான் பெருமையடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. இது நான் தோற்ற கதை.

ஆம்னியைத் தெரியாதவர்கள் இந்த அரங்கில் இருக்க மாட்டீர்கள். 1984-இல் 'மாருதி வேன்' என்று வந்து, பிறகு ஆம்னி என்று பெயர் மாறி, 2019 வரை ஓட்டமாய் ஓடிய வண்டி. 796 சி.சி., மூன்று சிலிண்டர், முன் சீட்டைத் தூக்கினால் என்ஜின். புதிய விபத்துப் பாதுகாப்பு விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல்தான் தயாரிப்பு நின்றது. அது நியாயமான முடிவு என்பதே என் அபிப்பிராயம். மோதினால் முதலில் போவது நம் முழங்கால்தான். ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள், காய்கறி மூட்டை, மைக் செட், ஆம்புலன்ஸ் என்று அது சுமக்காதது இல்லை. எங்கள் வீட்டில் அது சாம்பார் சுமந்தது.

என் அண்ணன் காரைக்குடியில் சமையல் காண்டிராக்ட் எடுப்பவர். 2011-ஆம் வருட மாடல் ஆம்னி ஒன்று வைத்திருந்தார். அண்டா, குண்டா, பரிமாறுகிற ஆட்கள், எல்லாம் அதில்தான். அப்பா காலத்துக்குப் பிறகு என்னை இந்தக் கல்லூரியில் படிக்க வைத்ததும் அந்தச் சமையல் காசுதான். அதனால் வீட்டில் எந்த மிஷின் நின்றாலும், "தம்பிக்குப் போன் போடு, அவன் என்ஜினீயரு" என்பது எழுதாத சட்டம்.

2019-இல், சித்திரை மாதம் என்று ஞாபகம், போன் வந்தது. "செல்ஃப் சரியா எடுக்க மாட்டேங்குதுடா. காலையில கிர்ருனு இழுத்துட்டு நின்னுடுது." நான் ஆபீசில் இருந்தபடியே, "பேட்டரி போயிருக்கும்ணே, மாத்திடுங்க" என்றேன். 3,900 ரூபாய். பத்து நாள் நன்றாக ஓடியது. மறுபடி அதே இழுவை. "அப்ப செல்ஃப் மோட்டார்தான்." கழற்றி, கார்பன் பிரஷ், புஷ் மாற்றி மாட்டினார்கள், 2,600. மூன்று வாரம் ஓடியது. பிறகு பேட்டரி இறங்க ஆரம்பித்தது. "டைனமோ சார்ஜ் ஏத்தலை போல." 5,200. நடுவில் கிளட்ச் கேபிள் இரண்டு முறை இறுகிப்போய் மாற்றியது 900. அதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை, கிளட்சுக்கும் செல்ஃபுக்கும் என்ன சம்பந்தம் என்று. மொத்தம் 12,600 ரூபாய், என் வாய் வார்த்தையை நம்பி.

இடையில் ஒரு தடவை ஊருக்குப் போனபோது மீட்டரும் கையுமாகத்தான் போனேன், அதையும் சொல்லிவிடுகிறேன். எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கலாம் என்று மல்டிமீட்டரை 'பீப்' சத்தம் வரும் நிலையில் வைத்து, ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், ஒரு முனை என்ஜினில். 'பீப்' என்றது. "எர்த் பக்காவா இருக்கு" என்று தீர்ப்பும் சொன்னேன். இந்த 'பீப்'பை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருகிறேன்.

ஆவணி வந்தது. தேவகோட்டையில் ஒரு கல்யாணம். காலை டிபன் ஏழு மணிப் பந்திக்கு. விடியற்காலை ஐந்தரைக்கு இட்லி, பொங்கல், சாம்பார் எல்லாம் ஏற்றி ஆயிற்று. வண்டி எடுக்கவில்லை. ஆட்கள் இறங்கித் தள்ளினார்கள். அண்டாக்களை வைத்துக்கொண்டு எவ்வளவு வேகமாகத் தள்ள முடியும்? பாதியை இறக்கிவைத்து, வண்டியைத் தள்ளி எடுத்து, மறுபடி ஏற்றிப் போய்ச் சேர்ந்தபோது நாற்பது நிமிஷம் தாமதம். மாப்பிள்ளை வீட்டார் வெறும் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பேசிய தொகையில் 15,000 பிடித்துக்கொண்டார்கள். அதே குடும்பத்தில் தை மாதம் இருந்த இன்னொரு கல்யாணமும் கை மாறிப்போனது.

அண்ணன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "விடுடா, மிஷின்தானே" என்றார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்றைக்கு எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

அந்த வார இறுதியில் பஸ் ஏறிப் போனேன். ஊரில் ஒரு பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருக்கிறார். எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். கதை முழுக்கக் கேட்டுவிட்டு, "தம்பி, பேட்டரி புதுசு, மோட்டாரைப் பிரிச்சுப் பார்த்தாச்சு, டைனமோ புதுசு. இனி மாத்த என்ன மிச்சம், வண்டியா?" என்றார். பிறகு ஒரு கேள்விதான் கேட்டார். "கிளட்ச் கேபிள் சூடாச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம், கழற்றிய கேபிளின் உள் பிளாஸ்டிக் உருகி ஒட்டியிருந்ததாக மெக்கானிக் சொல்லியிருந்தார். "மட்டமான சரக்கு" என்று நாங்கள்தான் முடிவு கட்டியிருந்தோம்.

பாய் ஒரு இண்டிகேட்டர் பல்பில் இரண்டு ஒயர் பிடித்துவைத்திருந்தார். ஒரு முனையை என்ஜினில், மறுமுனையைப் பேட்டரி நெகட்டிவில் வைத்து, "இப்ப செல்ஃப் அடிங்க" என்றார். சாவியைத் திருப்பினேன். பல்பு மங்கலாக, செம்மஞ்சளாக எரிந்தது. "பாத்தீங்களா, எரியக் கூடாத எடத்துல எரியுது."

தம்பி தங்கைகளுக்காக இந்த இடத்தை நிதானமாகச் சொல்கிறேன். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து மோட்டாருக்குப் போகிற கரண்ட், அதே அளவு, திரும்பி நெகட்டிவுக்கு வந்தாக வேண்டும். என்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வழியாகக் கரண்ட் வராது. அதனால் என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே செம்புப் பின்னல் பட்டை ஒன்று இருக்கும். எங்கள் வண்டியில் அந்தப் பட்டை எட்டு வருட மழைத் தண்ணீரிலும் சேற்றிலும் பச்சையாய்ப் பூத்து, நரம்பு நரம்பாக அறுந்து, நாலைந்து இழைதான் மிச்சம். போல்ட்டுக்கு அடியில் துரு. வழி அடைந்த கரண்ட் என்ன செய்யும்? வேறு உலோக வழி தேடும். பாடியிலிருந்து கியர்பாக்ஸ் வரை போகிற கிளட்ச் கேபிள் அகப்பட்டது. கேபிள் வெந்தது.

அன்று சாயங்காலம் மீட்டரை வைத்து நானே அளந்தேன். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியின் இரு முனைகளுக்கும் நடுவே 10.6 வோல்ட். மோட்டாருக்குக் கிடைத்தது 6.8 வோல்ட். பாசிட்டிவ் வழியில் 0.3 வோல்ட் விழுந்திருந்தது, சரி. நெகட்டிவ் வழியில் 3.5 வோல்ட்! கூட்டிப் பாருங்கள், கணக்கு நேராகும். கிர்க்காஃப் விதியைப் பரீட்சைக்கு எழுதி பதினாறு மார்க் வாங்கியவன்தான் நான். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு அதைப் பார்த்தது அன்றுதான்.

இப்போது அந்த 'பீப்'. செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்குப் பக்கமாக இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 3.5 வோல்ட் விழ 0.035 ஓம் தடை போதும். நம் மல்டிமீட்டரின் ஒயர்களுக்கே அதைவிட ஐந்தாறு மடங்கு தடை உண்டு. மீட்டர் 'பீப்' சொல்ல முப்பது, நாற்பது ஓமுக்குக் கீழே இருந்தால் போதும். மில்லி ஆம்பியர் கணக்கில் கரண்ட் அனுப்பிப் பார்க்கிற மீட்டருக்கு, ஒற்றை இழைகூட ராஜபாட்டை. நூறு ஆம்பியருக்கு அது ஒற்றையடிப் பாதை. மீட்டர் பொய் சொல்லவில்லை. வேலை செய்யாமல் சும்மா நிற்கிற வண்டியிடம் நான் கேள்வி கேட்டேன், அவ்வளவுதான்.

மாற்றிய சாமான்கள் ஒவ்வொன்றும் ஏன் கொஞ்ச நாள் வேலை செய்தன என்பதும் அப்போது விளங்கியது. புதுப் பேட்டரி சற்றுக் கூடுதல் வோல்ட்டைத் தாங்கிப் பிடித்தது. மோட்டாரைக் கழற்றி மாட்டியபோது பக்கத்துப் போல்ட்டுகள் அசைந்து தற்காலிகமாகப் பிடிப்பு வந்தது. டைனமோவின் எர்த்தும் என்ஜின்தான். அது 14.3 வோல்ட் கொடுத்தாலும், ஹெட்லைட் போட்டால் பேட்டரிக்கு 13.6 தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. பேட்டரி தினமும் அரைப்பட்டினி. பழைய டைனமோவில் கோளாறே இல்லை.

புதுப் பட்டை 120 ரூபாய். உப்புத்தாள் போட்டு உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, பல் வாஷர் வைத்து முறுக்கி, மேலே வாசலின் தடவினோம். பாய் கூலி வாங்கவில்லை. "டீ சொல்லுங்க" என்றார்.

இதை நீங்கள் வீட்டிலேயே செய்யலாம். முந்நூறு, நானூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் பேட்டரியை அளங்கள். 12.6 என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் பசி. பிறகு கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பெட்ரோல் பம்பு ஃபியூஸைக் கழற்றிவிட்டு (வண்டி கிளம்பிவிடக் கூடாது), கூட ஒருவரை உட்காரவைத்து ஐந்து விநாடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அப்போது பேட்டரி 9.6-க்குக் கீழே போகக் கூடாது. அதே ஐந்து விநாடியில் மீட்டரை நெகட்டிவ் முனைக்கும் என்ஜினுக்கும் நடுவே வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எந்தச் சாமானையும் வாங்காதீர்கள், எர்த்தைப் பாருங்கள். முனையின் மேலேயே ஊசியை வைக்க வேண்டும், கிளாம்ப் மேல் அல்ல. கிளாம்புக்கும் முனைக்கும் நடுவிலும் பழுது இருக்கலாம். ஓடும்போது பேட்டரியில் 13.8-லிருந்து 14.4 வரை இருந்தால் சார்ஜிங் நலம்.

எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். பிரேக், கேஸ் கிட், ஜாக்கி மேல் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் படுப்பது, சூடான ரேடியேட்டர் மூடியைத் திறப்பது, இவை நாலும் என் வீட்டில் தடை. ஆம்னியின் டைமிங் பெல்ட்டைக் கையேட்டில் போட்ட கிலோமீட்டரில் மாற்றுங்கள், ஆனால் மெக்கானிக்கை வைத்து.

"அதெல்லாம் பழைய வண்டி சார், இப்ப ஸ்கேனர் மாட்டினா சொல்லிடும்" என்று ஒரு தம்பி நேற்று என்னிடம் சொன்னார். நியாயம்தான். நண்பர் ஒருவரின் ஈக்கோவில் என்ஜின் விளக்கு எரிந்தது. ஸ்கேனர் பி 0171 என்றது, அதாவது கலவையில் பெட்ரோல் குறைவு. குறைவைக் கண்டு சொன்னது ஆக்சிஜன் சென்ஸார், ஆகவே ஆக்சிஜன் சென்ஸாரை மாற்றினார்கள்! உண்மையைச் சொன்னவனைத் தூக்கி வெளியே எறிந்தாயிற்று. விளக்கு மறுபடி எரிந்தது. பெட்ரோல் பம்பு ஓடும்போது அதன் சாக்கெட்டில் அளந்தால், வழியில் 2 வோல்ட் விழுந்திருந்தது. பின் கறுத்துப் போயிருந்தது. பம்புக்குத் தெம்பில்லை, பெட்ரோல் குறைந்தது, சென்ஸார் சொன்னது. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 விதிக்குப் பிறகு சென்ஸார்களின் எண்ணிக்கை இன்னும் கூடியிருக்கிறது. பலவும் 5 வோல்ட்டில் வேலை செய்பவை. அங்கே எர்த்தில் கால் வோல்ட் விழுந்தாலும் கம்ப்யூட்டர் வேறு கதை படிக்கும்.

அண்ணன் அந்த ஆம்னியை இன்னும் விற்கவில்லை. டேஷ்போர்டு பெட்டிக்குள் பாய் செய்துகொடுத்த பல்பும் ஒயரும் இருக்கின்றன. இப்போதெல்லாம் அவர் எனக்குப் போன் செய்வது அளந்து முடித்த பிறகுதான். "11.9 காட்டுதுடா, லைட்டை அணைக்காம விட்டுட்டாய்ங்க, சார்ஜ் போட்டிருக்கேன்" என்று தகவல் மட்டும் வரும்.

அண்ணனிடம் கேட்டு அந்த வேனை இன்று ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். ஒர்க்ஷாப் பக்கத்து வேப்பமரத்தடியில் நிற்கிறது. மீட்டர் இரண்டும் பல்பும் முன் சீட்டில் வைத்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற தம்பி தங்கைகளுக்காக வண்டியில் ஒரு பழுது வைத்திருக்கிறேன். எர்த் பட்டை இல்லை, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். மூன்று மணிக்கு நான் கிளம்ப வேண்டும், அதற்குள் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுங்கள்.