நகையும் அச்சமும்



நம் ஊர் மரச்சிற்பிகள் செதுக்கும் யாளியின் முகத்தை நீங்கள் அறிவீர்கள். அதன் வாய் விரிந்திருப்பது சிரிப்பாலா, சினத்தாலா என்று எளிதில் சொல்ல இயலாது. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலாவதாகவும் அச்சத்தை ஐந்தாவதாகவும் வைத்தார். இவ்விரண்டும் ஒரே காட்சியில் கூடக் கண்டேன். அனுராக் காசியப் இயக்கி 2016இல் வெளிவந்த ‘ராமன் ராகவ் 2.0’ என்னும் இந்திப் படத்தைச் சொல்கிறேன்.

அதில் கொலைகாரன் தானாகவே காவலரிடம் வந்து தன் கொலைகளைச் சொல்கிறான். எவரும் நம்பவில்லை. அடித்து வாங்கியே பழகியவர்க்கு, நடந்து வந்த வாக்குமூலம் பிதற்றலாகப் படுகிறது. பாழடைந்த கட்டடம் ஒன்றில் அவனை அடைத்துவைக்கிறார்கள், அவன் தப்பிவிடுகிறான். நாம் சிரிக்கிறோம். அடுத்து அவன் செல்வது தன் உடன்பிறந்தாள் வீட்டிற்கு. அங்கே நம் சிரிப்பு தொண்டையிலேயே உறைந்துவிடுகிறது. அவனைத் துரத்தும் அதிகாரி ராகவனும் கொலை செய்தவனே. அவனிடம் தன் பெயரின் மறுபாதியைக் கண்டு மகிழ்கிறான் கொலைகாரன் ராமன்னா.

மெய்யான ராமன் ராகவ் 1960களில் பம்பாயை நடுங்க வைத்தவன். நடைபாதையிலும் குடிசையிலும் உறங்கிய ஏழைகளே அவனுக்கு இரையானவர்கள். முன்பே காவலரிடம் சிக்கி விடுபட்டவன் அவன். 1968இல் அலெக்ஸ் ஃபியாலோ என்னும் உதவி ஆய்வாளர், நிழற்படத்தில் கண்ட முகத்தை நினைவில் வைத்திருந்து அவனைப் பிடித்தார். வாய் திறவாதிருந்தவன், கேட்ட கோழிக்கறி கிடைத்த பின்னரே பேசினான் என்பர். தூக்குத் தண்டனை பெற்றான். மனநோயாளி என்று மருத்துவர் குழு கண்டதால் அது ஆயுள் தண்டனையாயிற்று. 1995இல் புனேயில் இறந்தான். அவனுக்கு வழங்கிய பெயர்களுள் வேலுச்சாமி, அண்ணா, தம்பி என்பனவும் உண்டு. நாம் அன்பு பாராட்டி அழைக்கும் உறவுச் சொற்கள் குற்றப் பதிவேட்டில் கிடப்பதைக் காணும்போது நெஞ்சு துணுக்குறுகிறது.

எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நகைக்கு நான்கு நிலைக்களன்கள் உண்டு. எள்ளலோ இருவகைப்படும்: தான் பிறரை எள்ளுதல், பிறரால் தான் எள்ளப்படுதல். காவலரை எள்ளிச் சிரிக்கும் நம்மை இப்படம் இறுதியில் எள்ளுகிறது. கொலைகாரன் பெயரால் ஸ்ரீராம் ராகவனும் 1991இல் ஒரு படம் எடுத்தார். மாண்டவர் ஒருவரின் பெயரையேனும் இந்த அவையில் எவரேனும் சொல்ல இயலுமா? என்னாலும் இயலாது, கோழிக்கறிக் கதை மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

இன்று விழா முடிந்து வீடு திரும்பும்போது, கடைத்திண்ணையில் துண்டை விரித்து உறங்குவோரைக் காண்பீர்கள். பெயர் கேட்டுப் பழகுங்கள், அன்பர்களே. ஒருவர் ஒருநாள் அங்கே இல்லாமற்போனால், அவரைத் தேடுவதற்கு முதலில் வேண்டியது ஒரு பெயர்தான்.