பள்ளியைத் தேர்வோர் மொழியையும் தேர்க!

செங்கற்பட்டு நகரப் பெருமக்களே! மாமல்லைக் கடற்கரையூர்களினின்றும் வந்துள்ள தாய்மாரே! தந்தையரே!

ஐந்து அகவை நிரம்பிய குழந்தையை எப்பள்ளியிற் சேர்ப்பது? கோடை முடியுமுன் வீடுதோறும் எழும் வினா இது. கட்டணம் எவ்வளவு, ஊர்தி வருமா என்றெல்லாம் உசாவும் பெற்றோர் பலர், எம்மொழியிற் கற்பிப்பர் என்பதை உசாவுவதில்லை. முதற்கண் உசாவத்தக்கது அதுவே.

வழிகள் மூன்று: அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி. 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம், சிறுபான்மையர் நடத்தாத தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை நலிந்தோர் மக்கட்கு ஒதுக்கியது. கட்டணத்தை அரசே ஈடுசெய்யும் என்றது. ஏழைக்குக் கதவு திறந்தது நன்றே. ஆயினும் அது பெரும்பாலும் ஆங்கிலவழிப் பள்ளியின் கதவு. இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழியாதல் வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் கூற்றன்றோ?

அரசுப் பள்ளியிலேனும் தமிழ்வழி உறுதியா எனின், அன்று. 2012-2013 கல்வியாண்டு தொட்டு அங்கும் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. தொடக்க வகுப்புகளுக்குத் தாய்மொழிவழியை வகுத்த தமிழக அரசின் 1999-ஆம் ஆண்டு ஆணையைச் சென்னை உயர் அறமன்றம் 2000-இல் நீக்கியது. 2014-இல் கருநாடக வழக்கில், அரசு தாய்மொழிவழியைக் கட்டாயமாக்கல் ஆகாது என்று உச்ச அறமன்றம் தீர்ப்புரைத்தது. ஆகவே, தமிழ்வழியைக் காக்கும் ஆற்றல் இன்று பெற்றோரின் கையெழுத்திலேயே உள்ளது.

அக்கையெழுத்தின் பயன் சிறிதன்று. தமிழ்வழி கற்றோர்க்கு அரசுப் பணியிடங்களில் நூற்றுக்கு 20 முன்னுரிமையாக வழங்கும் சட்டம் 2010-இல் வந்தது. பள்ளிப் படிப்பு முதலே தமிழ்வழிப் பயின்றிருத்தல் வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் வரையறுத்தது. முதல் வகுப்பில் ஆங்கிலவழிப் பிரிவில் எழுதப்படும் பெயர், இருபது ஆண்டு கழித்து அவ்வுரிமையை இழக்கும்.

ஆங்கிலம் வேண்டாவோ எனின், தமிழ்வழிப் பிரிவிலும் முதல் வகுப்பு தொட்டு ஆங்கிலம் ஒரு பாடமே. மொழியைக் கற்றல் வேறு. மொழிவழிக் கற்றல் வேறு. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை வாழும் மீனவர் வீட்டுக் குழந்தை வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றைத் திசையால் அறியும். அவ்வறிவின்மேல் அறிவியலைக் கட்டுவதை விடுத்து, பொருளறியாச் சொல்லை மனப்பாடமாக்குவது கல்வியாகுமா?

செய்யத்தக்கவை இவை: சேர்க்கைப் படிவத்தில் தமிழ்வழி என்று தெளிவாக எழுதுக. பிறப்புச் சான்று இல்லையென்று சேர்க்கையை மறுத்தல் சட்டப்படி ஆகாது. சேர்க்கைக்குத் தேர்வு வைத்தலும் ஆகாது. இவற்றை அண்டை வீட்டார்க்கும் உணர்த்துக. பிள்ளைகள் குறையின் தமிழ்வழிப் பிரிவு மூடப்படும். மூடியபின் அடுத்து வரும் குடும்பத்துக்குத் தேர்வு என்பதே இராது.

மறைமலையடிகள் 1916-இல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கிய பல்லாவரம், இன்று இம்மாவட்டத்து ஊர். அம்மண்ணின் குழந்தை தமிழிற் கற்பதற்கு வேண்டுவது பெற்றோரின் துணிவொன்றே. துணிக!