மரம் எழுதி வைத்த மழைக் கணக்கு

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். 1876ஆம் ஆண்டு தென்னிந்தியாவில் மழை பொய்த்தது. பசி தாளாத மக்கள் ஆயிரமாயிரமாகக் கடல் கடந்து கண்டிச் சீமைக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தனர். நம்மிற் சிலருடைய முன்னோரும் அவ்வாறு வந்தவர்களே. அவர்களுட் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். தம் கதையை எழுதி வைக்கவில்லை. ஆயினும் அந்த வறட்சியை மரங்கள் எழுதி வைத்திருக்கின்றன.

மரக்காலையில் அறுத்துக் கிடக்கும் தேக்கங்குற்றியைப் பார்த்தால் வட்டத்துக்குள் வட்டமாக வளையங்கள் தெரியும். வறண்ட காலத்தில் தேக்கு இலையுதிர்த்து வளராமல் நிற்கிறது. மழை பிறந்ததும் துளிர்த்துப் பருக்கிறது. ஆகவே ஆண்டுக்கு ஒரு வளையம். மழை நன்கு பெய்தால் அது அகலும், பொய்த்தால் ஒடுங்கும்.

குளிர் தேசங்களில் பனிக்காலம் மரத்தின் வளர்ச்சியை நிறுத்துவதால் வளையம் தெளிவாக விழுகிறது. நமது கண்டிப் பகுதியிலோ இரு பருவக்காற்றுகளும் மழை தருகின்றன. பல மரங்கள் வருஷம் முழுவதும் பசுமையாய் நிற்பதால் வளையம் தெளிவாக விழுவதில்லை. தென்னைக்கும் கித்துளுக்கும் வளையமே கிடையாது. உஷ்ண தேசங்களில் இவ்வாராய்ச்சி கடினமானது இதனாலேதான்.

ஆயினும் அறிஞர் சோர்ந்துவிடவில்லை. 1931இல் பெர்லாகே என்பவர் ஜாவாத் தேக்குகளிலிருந்து 1514 முதல் 1929 வரையுள்ள கணக்கை வெளியிட்டார். 2010இல் புனே நகர ஆராய்ச்சியாளர் கேரளத் தேக்குகளில் 523 ஆண்டுக் கணக்கைக் கண்டனர். பசிபிக் சமுத்திரம் சூடேறும் 'எல் நினோ' ஆண்டுகளில் மழை குன்றி, வளையங்களும் ஒடுங்கக் கண்டனர். அதே ஆண்டில் எட்வர்ட் குக் குழுவினர் ஆசியாவில் 300க்கு மேற்பட்ட இடங்களின் மரக் கணக்குகளை ஒன்றுசேர்த்து வறட்சிப் படங்கள் வரைந்தனர். நமது முன்னோரை விரட்டிய அந்த வறட்சி அவற்றில் தெளிவாகத் தெரிகிறது.

இதற்காக மரத்தை வெட்ட வேண்டியதில்லை. சிறு துளையிட்டு, பென்சில் போன்ற மெல்லிய குச்சியொன்றை எடுத்தாற் போதும். ஆனால் ஒரு மரத்தை மட்டும் நம்பலாகாது. நிழலும் பூச்சியும்கூட வளையத்தை ஒடுக்கும். பல மரங்களை ஒப்பிட்ட பின்னரே மழையைக் கணிப்பர்.

பழைய மரமொன்று விழுந்தால், அதன் குறுக்குத் துண்டைக் காத்து, இடமும் ஆண்டும் குறித்து வைப்போமாக. பெரியோர் தாம் கண்ட, கேட்ட வறட்சிகளைச் சொல்ல, இளையோர் எழுதி வைப்போமாக. மழை பொய்த்ததை மரம் சொல்லும். அப்போது மனிதர் பட்ட பாட்டை நாம்தான் சொல்ல வேண்டும்.