காதுல இயர்பட்ஸ், கரையில சங்கு

டிரிப் போகும்போது என்னென்ன கேட்ஜெட் எடுத்துட்டுப் போகணும்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம். அதுக்கு முன்னாடி ஒரு கதை.

என் தாய்மாமா வீடு ஆண்டிபட்டி பக்கம். ஒரு மழைக்காலத்துல அங்கே போயிருந்தப்போ, வைகை அணைக்குக் கீழே ஆற்றங்கரையில் உட்கார்ந்து எபிசோடு எடிட் பண்ணிக்கிட்டு இருந்தேன். காதில் நாய்ஸ் கேன்சலிங் இயர்பட்ஸ். திடீர்னு மாமா வந்து தோளைப் பிடிச்சு இழுத்தார். "காதுல இருக்கறதைக் கழட்டு மாப்ள, சங்கு ஊதுது!" கழட்டின பிறகுதான் எனக்குக் கேட்டுச்சு. பக்கத்துல துணி துவைச்சவங்க எல்லாம் எப்பவோ மேலே ஏறிட்டாங்க.

அது என்ன சங்கு? 1959-ல் காமராஜர் திறந்து வைத்த அணை இது. நீர்மட்டத்தின் முழு அளவு 71 அடி. 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. வழக்கமா அதுக்கப்புறம் உபரி நீரை ஆற்றில் திறந்துவிடுவாங்க. அன்னைக்கு ஊதினது முதல் எச்சரிக்கை, அதனால தண்ணி வரலை. மூன்றாவதா இருந்திருந்தா?

வீட்டுக்கு வந்ததும் மாமா கேட்டார்: "இவ்வளவு காசு கொடுத்து, காது கேக்காம இருக்கறதுக்கா வாங்கின?" பதில் சொல்ல முடியலை. சரி, அன்னைக்குக் கத்துக்கிட்ட மூணு விஷயம் சொல்றேன்.

ஒண்ணு, இயர்பட்ஸ். வெளிச்சத்தத்தை மைக்கில் பிடித்து, அதற்கு நேரெதிர் அலையை உருவாக்கி அழிப்பதுதான் நாய்ஸ் கேன்சலிங். பஸ் இன்ஜின், ஃபேன் மாதிரி சீரான இரைச்சலை அது குறைக்கும். மீதிச் சத்தத்தைக் காதை அடைக்கிற ரப்பரும் நாம போடுற பாட்டும் மறைச்சிடும். பஸ்ஸுக்குள்ள சுகம்தான். ஆற்றங்கரையிலயும் ரோட்டுலயும் டிரான்ஸ்பரன்சி மோடு போடுங்க, இல்லன்னா கழட்டி வைங்க.

ரெண்டு, எமர்ஜென்சி அலர்ட். 2023 அக்டோபர் 20-ம் தேதி தமிழ்நாட்டில் சோதனைக்காக நம்ம போன் எல்லாம் அலறுச்சே, ஞாபகம் இருக்கா? அதுதான் செல் பிராட்காஸ்ட். டவர் தன் எல்லைக்குள் இருக்கும் போன்களுக்கு நேரடியாக அனுப்பும். நம்பரும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். ஆபீஸ் மீட்டிங் நடுவுல அலறுச்சேன்னு கடுப்பாகி, நான் அதை ஆஃப் பண்ணி வெச்சிருந்தேன். செட்டிங்ஸ்ல 'எமர்ஜென்சி அலர்ட்ஸ்'னு தேடி, ஆன்ல இருக்கான்னு பாருங்க. ஆனா சங்கு கேட்டா, போன்ல மெசேஜ் வரட்டும்னு காத்திருக்காதீங்க. முதல்ல மேலே ஏறுங்க.

மூணு, சார்ஜ். மேகமலை மாதிரி மலைப்பாதையில் சிக்னல் தேடித் தேடியே பேட்டரி தீரும். ஏரோபிளேன் மோடு போடுங்க. அப்பவும் ஜிபிஎஸ் வேலை செய்யும். மேப்பை மட்டும் கிளம்பும் முன்பே டவுன்லோடு பண்ணிக்கணும். 10,000 எம்ஏஎச் பவர் பேங்கில் சுமார் 6,000 எம்ஏஎச்தான் போனுக்குப் போய்ச் சேரும். அதைக் கணக்கு வெச்சு வாங்குங்க. 112-க்கு அழைக்க எப்பவும் கொஞ்சம் சார்ஜ் மிச்சம் வைங்க.

இந்த எபிசோடு முடிஞ்சதும் அலர்ட் செட்டிங்கைப் பாருங்க. அப்படியே அம்மா, அப்பா போன்லயும் பாருங்க. அடுத்த வாரம் சந்திப்போம், டாட்டா!